பொலிஸாரின் முதல் வார்த்தை

பெருநகரம் ஒன்றில் திருவிழாவோ, ஊர்வலமோ, விளையாட்டுப் போட்டியோ நடைபெறும்போது பொலிஸாரின் கடமை யாது என்று கேட்டால், ஒழுங்கைக் காப்பதும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவதும் என்றே பெரும்பாலானோர் விடை கூறுவர். கூட்டத்தோடு பேசுவதும் அக்கடமைகளுள் ஒன்று என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. எந்த வழியாற் செல்லலாம், எங்கே நெரிசல், என்ன நடந்துவிட்டது, இன்னும் என்ன தெரியவில்லை என்பவற்றை அங்கு நிற்கும் சனங்களுக்கும் வீட்டிலே காத்திருக்கும் உறவினருக்கும் உரிய வேளையில் உண்மையாகச் சொல்வதையே இங்கு குறிப்பிடுகிறேன். இக்கடமை முற்றாகத் தவறிய நாள் ஒன்றையும், பெருமளவுக்கு நிறைவேறிய நாட்கள் சிலவற்றையும் பற்றியது இக்கட்டுரை. முதலாவது 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம். மற்றையது 2013 ஏப்ரல் 15 தொடக்கம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரம். தேதி ஒன்றாக அமைந்தது தற்செயலே.

கூட்டத்திடம் முதலிற் சொல்லிவிட்டே பலத்தைப் பிரயோகிக்க வேண்டும் என்ற எண்ணம் பிரித்தானியச் சட்டத்தில் மிகப் பழையது. 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டம், பன்னிருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிக் குழப்பம் விளைவிக்கும் இடத்தில், கலைந்து செல்லுமாறு கூறும் பிரகடனத்தை அதிகாரி ஒருவர் உரத்த குரலில் வாசிக்க வேண்டும் என்றும், அதன் பின்னர் ஒரு மணித்தியால அவகாசம் உண்டு என்றும் விதித்தது. 1819 ஆகஸ்ட் 16 அன்று மன்செஸ்டர் நகரின் சென் பீற்றர்ஸ் வெளியில் பல்லாயிரக்கணக்கானோர் பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரிக் கூடியபோது அச்சட்டம் வாசிக்கப்பட்டதாக நீதிவான்கள் பின்னர் கூறினர். வாசித்திருந்தாலும் அது யார் காதில் விழுந்தது என்ற வினா இரண்டு நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. குதிரைப் படை கூட்டத்தினுள் பாய்ந்ததில் குறைந்தது 15 பேர் மாண்டனர். சொல்லிவிட்டோம் என்று ஏட்டிற் பதிவதும் சனங்கள் கேட்டு விளங்கிக்கொள்வதும் வெவ்வேறானவை. ஒலிபெருக்கி வந்த பின்னரும் இந்த இடைவெளி அகலவில்லை என்பதற்கு ஷெஃபீல்டே சான்று.

அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் அணிக்கும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் அணிக்குமிடையே உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்துக்கான அரையிறுதி ஆட்டம். பிற்பகல் 3 மணிக்கு ஆரம்பம். லிவர்பூல் ஆதரவாளர்களுக்கு லெப்பிங்ஸ் லேன் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே நின்று பார்ப்பதற்கு மட்டும் 10,100 பேருக்கு நுழைவுச் சீட்டு வழங்கப்பட்டிருந்தது. அத்தனை பேரும் நுழைவதற்கு இருந்த சுழற்கதவுகள் ஏழு. உள்ளே நிற்கும் இடமோ, 1970கள், 1980களின் மைதானக் குழப்பங்களுக்குப் பயந்து, முன்னாலும் பக்கங்களிலும் கம்பி வேலியிட்டுக் கூண்டு கூண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பொறுப்பதிகாரியான பிரதம பொலிஸ் அத்தியட்சகர் டேவிட் டக்கன்ஃபீல்ட் அப்பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட நிறையவில்லை.

பிற்பகல் 2.30 அளவில் சுழற்கதவுகளுக்கு வெளியே நெரிசல் அபாய நிலையை எட்டியது. ஒலிபெருக்கி பூட்டிய பொலிஸ் லான்ட் ரோவர் ஒன்று வந்து, தள்ள வேண்டாம் என்று கூட்டத்தை வேண்டியது. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஆட்டம் தொடங்கப்போகிறது என்பது மட்டுமே தெரியும். அந்த லான்ட் ரோவரில் இருந்த கான்ஸ்டபிள் ஆட்டத்தின் ஆரம்பத்தைப் பின்போடுமாறு வானொலிக் கருவியில் கேட்டார். காலங் கடந்துவிட்டது என்பதே பதிலாகக் கிடைத்தது. இதே மைதானத்தில் 1987இல் நடந்த அரையிறுதி ஆட்டம் சனநெரிசல் காரணமாகக் கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கப்பட்டிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆட்டம் பிந்தித் தொடங்கும், அவசரப்பட வேண்டாம் என்ற அறிவித்தல் ஒன்று வெளியே நின்ற அந்தக் கூட்டத்தின் வேகத்தைத் தணித்திருக்கக்கூடும். அது சொல்லப்படவில்லை.

2.52க்கு ‘சி’ எனக் குறிக்கப்பட்ட பெரிய வெளியேறும் வாயிலைத் திறக்குமாறு டக்கன்ஃபீல்ட் உத்தரவிட்டார். வெளியே உயிராபத்து இருந்ததால் திறந்ததையே பிழை என்று கூறிவிட முடியாது. திறந்த பின்னர் உள்ளே நுழைபவர்கள் எங்கே போவார்கள் என்று எவரும் சிந்திக்காததுதான் பிழை. வாயிலுக்கு நேரெதிரே ஒரு சுரங்க வழி. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகள் இரண்டுக்கு இட்டுச் சென்றது. இரு பக்கக் கூண்டுகளிலும் இடம் இருந்தது. சில நிமிடங்களுள் சுமார் 2,000 பேர் உள்ளே வந்தனர். அவர்களுட் பலர் கண்ணுக்கு நேரே தெரிந்த சுரங்க வழியாலேயே சென்றனர். நடுப்பகுதி நிரம்பிவிட்டது, பக்கங்களுக்குச் செல்லுங்கள் என்று அவ்வாசலில் நின்று சொல்வதற்கு நான்கு பொலிஸார் இருந்திருந்தாற் போதும். பொலிஸ் கட்டுப்பாட்டு அறை அக்கூண்டுகளைப் பார்த்தபடியே மைதானத்தின் ஒரு மூலையில் அமைந்திருந்தது. சாளரத்தாலும் பார்க்கலாம், கமராத் திரைகளிலும் பார்க்கலாம். பார்த்தவர்களோ கம்பி வேலியில் ஏறியவர்களைக் கண்டு, மைதானத்துக்குள் பாயும் குழப்பக்காரர் என்று எண்ணி, நாய்களுடன் வரும் பொலிஸாரை அழைத்தனர்.

ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின்னர் நடந்ததே இக்கட்டுரையின் மையம்.

3.15 அளவில் உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைமை நிருவாகி கிரஹம் கெலி கட்டுப்பாட்டு அறைக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்டார். ஆதரவாளர்கள் வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்துவிட்டார்கள் என்று டக்கன்ஃபீல்ட் கூறினார். திறக்கச் சொன்னவர் அவரேதான். அரை மணித்தியாலம்கூடக் கடந்திருக்கவில்லை. கெலி அதனை ஊடகங்களிடம் கூற, அன்று மாலைக்குள் அது உலகெங்கும் பரவியது. பொலிஸார் வெளியுலகுக்கு வழங்கிய முதல் வார்த்தை அது. மைதானத்தினுள் இருந்த மக்களுக்கோ அந்த வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. வைத்தியர்களும் தாதியரும் இருந்தால் முன்வருமாறு ஓர் அழைப்பு விடுக்கப்பட்டதைத் தவிர, ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் நிறைந்த அரங்கிற்கு நடந்ததைப் பற்றிய விளக்கம் எதுவும் நெடுநேரம் தரப்படவில்லை. எதிர்ப் பக்கத்தில் இருந்தவர்களுட் பலர் அதனைச் சண்டை என்றே கருதிக் கூச்சலிட்டனர். 4 மணிக்குச் சற்று முன்னர், அமைதியாக இருந்து உதவுமாறு ஒலிபெருக்கியிற் கேட்டுக்கொண்டவர் லிவர்பூல் அணியின் முகாமையாளர் கெனி டல்கிலிஷ். பொலிஸ் அதிகாரி எவருமல்லர். ஆட்டம் கைவிடப்பட்டது என்பதும் அதன் பின்னரே அறிவிக்கப்பட்டது. எல்லோரும் ஒரேயடியாக வெளியேறினால் அம்புலன்ஸ் வண்டிகளின் வழி அடைபடும் என்ற கணக்கு அதிலிருந்தது. அது நியாயமான கணக்குத்தான். ஒரு செய்தியைச் சற்றுத் தாமதித்து வெளியிடுவதற்குத் தக்க காரணம் இருக்க முடியும் என்பதை, செய்திக்காக அதிகாரிகளோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய நானும் மறுக்கமாட்டேன். தாமதிப்பது ஒன்று, பொய்யுரைப்பது வேறொன்று.

வீடுகளில் இருந்தோர் நிலை இன்னும் மோசமானது. பிள்ளைகளைத் தேடி லிவர்பூலிலிருந்து இரவோடிரவாக ஓடிவந்த பெற்றோர், பொலிஸ் நிலையத்திற்கு அண்மையில் இருந்த சிறுவர் கழகக் கட்டடம் ஒன்றில் மணிக்கணக்காகத் தகவலின்றிக் காத்திருந்தனர். மைதானத்தின் உடற்பயிற்சிக்கூடமே பிணவறையாக்கப்பட்டிருந்தது. அங்கே அழைத்துச் செல்லப்பட்டவர்களுக்குப் பலகையொன்றில் குத்தப்பட்ட இறந்தோரின் புகைப்படங்கள் காட்டப்பட்டன. உடலை அடையாளம் காட்டிய கையோடு, பிள்ளை மது அருந்தினானா என்ற விசாரணை தொடங்கியது. இறந்தோர் அனைவரதும் இரத்தம் மதுசாரப் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டது. அவர்களுள் மிக இளையவருக்கு வயது 10.

நான்காம் நாள், ஏப்ரல் 19 அன்று, ‘சன்’ நாளேடு ‘உண்மை’ என்ற பொருள்படும் ஒற்றைத் தலைப்பைப் பெரிய எழுத்துக்களில் முதற்பக்கத்திற் போட்டது. ஆதரவாளர்கள் இறந்தவர்களின் சட்டைப்பைகளைத் துழாவினர், பொலிஸார் மீது சிறுநீர் கழித்தனர் என்றெல்லாம் அது எழுதியது. ஷெஃபீல்டின் செய்தி நிறுவனம் ஒன்று பொலிஸாரிடமும் அப்பகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமும் பெற்று வழங்கிய கூற்றுக்கள் அவை. லிவர்பூல் நகரத்தில் அப்பத்திரிகையைப் புறக்கணிக்கும் இயக்கம் அன்று தொடங்கியது, தலைமுறை கடந்தும் நிலைத்தது. ‘பொலிஸார் தெரிவித்தனர்’ என்று எழுதிவிட்டால் எங்கள் பொறுப்பு நீங்கிவிட்டது என்று கருதுவது செய்தி மேசைகளின் நெடுநாளைய வழக்கம். கொழும்பிலும் அவ்வழக்கம் உண்டு, இலண்டனிலும் உண்டு. இரவு பத்து மணிக்குப் பக்கத்தை மூட வேண்டிய அவசரத்தில், கையில் இருக்கும் ஒரேயொரு தகவல் பொலிஸார் தந்ததாகவே இருக்கும். ஆகையினால்தான் பொலிஸாரின் முதல் வார்த்தைக்கு அத்தனை வலிமை. அடுத்த நாள் வரும் திருத்தம் ஆறாம் பக்கத்தில் ஒரு மூலையிலேதான் வரும்.

பிரித்தானிய அரசு நீதியரசர் ரெய்லரின் விசாரணையை இரண்டே நாட்களில் நியமித்தது. அவருடைய இடைக்கால அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியாகியது. அனர்த்தத்தின் பிரதான காரணம் பொலிஸ் கட்டுப்பாடு தவறியதே என்றும், வாயில் உடைக்கப்பட்டது என்ற கூற்று உண்மையல்ல என்றும் அது தெளிவாக எழுதியது. நான்கு மாதத்தில் உண்மை அரச ஆவணமாக அச்சேறிவிட்டது. ஆயினும் முதல் வார்த்தை சாகவில்லை. 1991இல் மரண விசாரணை ‘விபத்து மரணம்’ என்று முடிந்தது. 3.15க்குப் பின்னர் நடந்தவற்றை ஆராய்வதையே அம்மரண விசாரணை தவிர்த்துக்கொண்டது. குடித்துவிட்டு வந்தவர்கள் வாயிலை உடைத்தார்கள் என்ற கதை மதுச்சாலைகளிலும் பாராளுமன்ற வட்டாரங்களிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலாவியது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தை நினையாதிருக்க எம்மவரால் முடியாது. 1974 ஜனவரி 10 இரவு, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிப் பொதுக்கூட்டத்திற்காக வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே கூடியிருந்த பெருங்கூட்டத்தைப் பொலிஸார் கண்ணீர்ப்புகையும் துப்பாக்கி வேட்டும் கொண்டு கலைத்தனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்ததில் பலர் மாண்டனர். அன்றைய உயிரிழப்பு ஒன்பது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரசு விசாரணை ஆணைக்குழு எதனையும் அமைக்கவில்லை. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர்களான டி கிறெற்சர், மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் சபாபதி குலேந்திரனும் அடங்கிய பொதுமக்கள் குழுவே சாட்சியங்களைக் கேட்டுப் பொலிஸாரின் செயலைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. ஷெஃபீல்டில் அரசின் விசாரணை இருந்தும் உண்மை நிலைபெற ஒரு தலைமுறை சென்றது. விசாரணையே இல்லாத இடத்தின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. எங்கள் நாட்டின் 2019 உயிர்த்த ஞாயிறு எச்சரிக்கைகளின் கதை தனிக் கட்டுரைக்குரியது. அதனை இங்கு தொடவில்லை.

ஹில்ஸ்பரோக் குடும்பங்கள் ஓயவில்லை. 2012 செப்டெம்பர் 12 அன்று சுயாதீனக் குழுவின் அறிக்கை வெளியாகியது. பொலிஸாரின் வாக்குமூலங்களுள் 164 கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் 116இல் பொலிஸாருக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. உரிய சிகிச்சை கிடைத்திருந்தால் 41 பேர் வரை பிழைத்திருக்கக்கூடும் என்றும் அறிக்கை கூறியது. புதிய மரண விசாரணையில் 2015இல் சாட்சியமளித்த டக்கன்ஃபீல்ட், தாம் கூறியது பொய் என்பதை ஒப்புக்கொண்டார். 2016 ஏப்ரல் 26 அன்று, இறந்தோர் சட்டத்துக்கு முரணாகக் கொல்லப்பட்டனர் என்றும், ஆதரவாளர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் ஜூரிமார் தீர்ப்பளித்தனர். சாளரத்தருகே நின்று கூறிய ஒரு வசனத்தைத் துடைக்க 27 ஆண்டுகள். டக்கன்ஃபீல்ட் மீதான குற்றவியல் வழக்கில் 2019 நவம்பரில் அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாகியது என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

இனி பொஸ்டன். 2013 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. மரதன் ஓட்டத்தின் முடிவுக் கோட்டருகே பிற்பகல் 2.49க்கு இரு குண்டுகள் சில விநாடி இடைவெளியில் வெடித்தன. மூவர் கொல்லப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். ஹில்ஸ்பரோவின் காலத்தில் ஒரு பொலிஸ் அதிகாரியின் வார்த்தை செய்தியாளர் வழியாகத்தான் சென்றது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி. புரளியின் வேகமும் அதற்கேற்ப வளர்ந்திருந்தது. பொஸ்டன் பொலிஸார் ஒரு மணித்தியாலத்திற்குள் தம் டுவிட்டர் கணக்கில் குண்டுவெடிப்பை உறுதிப்படுத்தினர். அக்கணக்கு அன்று அவசரமாகத் திறக்கப்பட்டதன்று. பல ஆண்டுகளாக வீதி மூடல்களையும் சிறு களவுகளையும் அறிவித்து, நகரத்தவர் பார்த்துப் பழகிய ஒன்று. இந்தப் பழக்கமே பெரிய முதல் என்பது என் துணிபு. ஒருநாளும் பேசாத பொலிஸார் அனர்த்த நாளில் திடீரெனப் பேசினால் யார் நம்புவார்?

பொலிஸ் ஆணையாளர் எட்வேர்ட் டேவிஸ் அன்று மாலை செய்தியாளர் முன் தோன்றி, கூட்டமாக நிற்க வேண்டாம், வீடுகளுக்கோ விடுதிகளுக்கோ செல்லுங்கள் என்றார். உறவினரைத் தேடுவோருக்குத் தொலைபேசி இலக்கம் அறிவிக்கப்பட்டது. அவரும் தவறினார். கென்னடி நூலகத்தில் நடந்த ஒரு சம்பவத்தையும் குண்டுவெடிப்புடன் தொடர்புடையதாக இருக்கலாம் என அவர் கூறியிருந்தார். அது வெறும் தீவிபத்து என்று தெரிந்ததும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. அன்று நியூயோர்க் நாளேடு ஒன்று பன்னிருவர் இறந்தனர் என்று எழுதிக்கொண்டிருந்தது.

17ஆம் தேதி சி.என்.என்., அசோசியேட்டட் பிரஸ் உட்படப் பெரும் செய்தி நிறுவனங்கள் சந்தேகநபர் கைது செய்யப்பட்டுவிட்டார் என்று அறிவித்தன. பொஸ்டன் பொலிஸார் ஒரே வரியில், கைது எதுவும் இல்லை என்று எழுதினர். எனக்கு இது ஒரு வரலாற்றுத் திருப்பமாகவே படுகிறது. ஷெஃபீல்டில் பொலிஸார் பொய்யுரைக்க, உண்மையைத் தேடும் பொறுப்பு ஏனையோர் மீது விழுந்தது. பொஸ்டனில் ஊடகங்கள் தடுமாற, பொலிஸாரின் பக்கத்தைப் பார்த்து மக்கள் உண்மையை உறுதிப்படுத்திக்கொண்டனர். பத்திரிகைக்காரன் என்ற வகையில் இது எனக்கு இனிப்பான செய்தியன்று.

எல்லாவற்றையும் அவர்களால் தடுக்க முடிந்தது என்றும் இல்லை. இணையத்தில் துப்பறியப் புறப்பட்டோர், ஏற்கெனவே காணாமற் போயிருந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவரையே குண்டு வைத்தவர் என்று பெயர் சொல்லிப் பரப்பினர். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எத்தொடர்பும் இல்லை. சில நாட்களின் பின் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் குடும்பம் பட்ட துயரை எந்த மறுப்பறிக்கையும் தீர்க்காது.

19ஆம் தேதி, தப்பியோடிய இரண்டாவது சந்தேகநபரைத் தேடும் வேளையில், பொஸ்டனிலும் சூழவுள்ள நகரங்களிலும் உள்ளோர் வீட்டினுள்ளேயே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பொலிஸார் நிற்கும் இடங்களை நேரலையிற் காட்ட வேண்டாம் என்று ஊடகங்களிடமும் காரணத்துடன் வேண்டப்பட்டது. மாலையில் அவ்வேண்டுகோள் தளர்த்தப்பட்டது. வெளியே வந்த வோட்டர்டவுன் வாசி ஒருவர் தம் வளவில் நிறுத்தியிருந்த படகைப் பார்க்கச் சென்று, அதனுள்ளே ஆள் இருப்பதைக் கண்டு பொலிஸாரை அழைத்தார். அன்று முழுவதும் ஆயிரக்கணக்கான பொலிஸார் தேடிக் காணாதவரை, மக்களை வெளியே விட்ட சிறிது நேரத்தில் ஒரு பொதுமகன் கண்டார். இரவு 9 மணிக்குச் சற்று முன்னர் கைதாகிவிட்டதைப் பொலிஸார் டுவிட்டரில் அறிவித்தபோது, மூன்று ஆச்சரியக்குறிகள் இட்டிருந்தனர். உதவி ஆசிரியர் மேசையில் இருந்திருந்தால் இரண்டை நான் வெட்டியிருப்பேன்.

ஹில்ஸ்பரோவில் அன்று மூளையில் ஆறாத காயமடைந்த ஒருவர் 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021 ஜூலையில் இறந்தார். அவரையும் சட்டத்துக்கு முரணாகக் கொல்லப்பட்டவராக மரண விசாரணை அதிகாரி பதிவு செய்ததால் இறந்தோர் தொகை 97 ஆயிற்று. 2023 ஜனவரியில் இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸ் தலைமைகள் குடும்பங்களிடம் மன்னிப்புக் கோரின. அனர்த்தங்களின் பின்னர் பொலிஸார் உட்பட அரச அலுவலர்கள் உண்மையை மறைக்காமற் கூறுவதைச் சட்டக் கடமையாக்கும் மசோதா, ஹில்ஸ்பரோச் சட்டம் என்ற வழக்குப் பெயருடன், 2025 செப்டெம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது.